மிஸ்தாக்கான்: பாலைவனத்தில் ஒரு பழைய மயானம்



இம்மாத வரலாற்று உரைக்கு நான் எடுத்துக்கொண்ட விடயம் ஒரு மயானம். "உங்களுக்கு வேறு விடயமே கிடைக்கவில்லையா?" என்று நிலையத்தில் சக அறிவிப்பாளர் ஒருவர் சிரித்துக்கொண்டே கேட்டார். சுடலையைப் பற்றிப் பேசுவது எங்கள் வீடுகளில் வழக்கமில்லைத்தான். ஆனாலும் இந்த மயானத்தின் கதையைக் கேட்டு முடிக்கும்போது, உங்கள் குடும்பத்தோடு பேச வேண்டிய ஒரு விடயம் உங்கள் மனதில் நிற்கும் என்று நம்புகிறேன்.

மத்திய ஆசியாவில் உஸ்பெகிஸ்தான் நாட்டின் வடமேற்கு மூலையில் கரகல்பாக்ஸ்தான் என்றொரு தன்னாட்சிக் குடியரசு இருக்கிறது. அதன் தலைநகர் நுக்குஸ். ஒருபுறம் கிசில்கும் பாலைவனம், மறுபுறம் காராகும் பாலைவனம். வடக்கே, ஆரல் கடல் வற்றியதால் உண்டான உப்புப் பாலைவனம். இவற்றுக்கு நடுவே ஆமு தரியா ஆற்றின் கழிமுகத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் நிலம் அது. பழைய காலத்தில் இந்தப் பிரதேசத்துக்குக் குவாரசம் என்று பெயர்.

நான் தொழிலால் கணக்காளன். எங்கள் எண்முறையை அரபு உலகுக்கு விளக்கி எழுதிய 9ஆம் நூற்றாண்டு அறிஞர் அல்-குவாரிஸ்மியின் பெயரில் ஒட்டியிருப்பது இந்தக் குவாரசம்தான். கணினிக்காரர் இன்று சொல்லும் 'அல்கோரிதம்' என்ற சொல்லும் அவர் பெயரிலிருந்து வந்ததே. வாழ்நாள் முழுக்க எண்களோடு மல்லுக்கட்டியவன் என்ற முறையில் அந்த மண்ணை ஒருமுறை மிதிக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. நானும் மனைவியும் தாஷ்கண்டிலிருந்து விமானத்தில் நுக்குஸ் போய் இறங்கினோம். வாடகைக் கார் ஓட்டுநர், ஆங்கிலம் படிக்கும் தன் மருமகளையும் எங்களுக்கு மொழிபெயர்க்கக் கூட்டிவந்தார். "ஆகா, நீங்கள் முதலில் போக வேண்டிய இடம் மிஸ்தாக்கான்" என்றார் அவர். 'ஆகா' என்றால் அவர்கள் மொழியில் அண்ணா.

மூன்று மேடுகள்

நுக்குஸிலிருந்து மேற்கே கோஜெய்லி என்ற சிறு பட்டணத்தைத் தாண்டி, துருக்மெனிஸ்தான் எல்லையை நோக்கிப் போகும் வீதியில் அரை மணித்தியாலம் ஓடினால் தட்டையான நிலத்தில் மேடுகள் தெரிகின்றன. மேற்கே உள்ள மேட்டில் இடிந்த மண் சுவர்கள். அது கியாவூர் கலா, அதாவது 'நம்பிக்கையற்றோரின் கோட்டை'. பின்னாளில் இஸ்லாமியராகிய மக்கள், தங்களுக்கு முற்பட்ட பழைய கோட்டைக்கு வைத்த பெயர் அது. கி.மு. 4ஆம் நூற்றாண்டளவில் அங்கே குடியிருப்புத் தொடங்கியது என்று அகழ்வாராய்ச்சியாளர் சொல்கிறார்கள். கிழக்கே உள்ள பெரிய மேடு முழுவதும் மயானம்.

கோட்டையும் மயானமும் சேர்ந்த பழைய நகரத்தின் பெயர்தான் மிஸ்தாக்கான். சொராஸ்திரிய சமயத்தின் கடவுளான அகுரா மஸ்தாவின் பெயர் இதற்குள் ஒளிந்திருக்கிறது என்பது சிலர் கருத்து. 10ஆம் நூற்றாண்டில் எழுதிய அரபுப் புவியியலாளர் அல்-முகத்தசி, இந்த நகரத்தைச் சுற்றி 12,000 கோட்டைகள் இருந்தன என்று குறிப்பிட்டிருக்கிறார். கணக்காளனாகிய நான் அந்த எண்ணிக்கைக்கு ரசீது கேட்பேன். ஆனால் சுவர் எழுப்பிய பண்ணை வீடு ஒவ்வொன்றையும் கோட்டை என்று எழுதியிருந்தாலும், அது மிகப் பெரிய ஊராக இருந்திருக்கிறது என்பதில் ஐயமில்லை.

1221இல் மொங்கோலியர் குவாரசத்தை அழித்தார்கள். நகரம் மீண்டும் எழுந்தது. அதற்குப் பிந்திய நூறு வருடங்களில்தான் இங்குள்ள மிக அழகான கட்டடங்கள் சில எழுந்தன. 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் தைமூரின் படையெடுப்புகள் வந்தன. அருகிலிருந்த தலைநகர் ஊர்கெஞ்சை 1388இல் அவர் தரைமட்டமாக்கினார். மிஸ்தாக்கான் நகரமும் அந்தக் காலத்தோடு முடிந்துபோயிற்று.

நேயர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். நகரம் செத்து 600 வருடங்களுக்கு மேலாகிறது. சந்தை இல்லை, வீதி இல்லை, வரி கட்டிய குடிகள் இல்லை. ஆனால் அந்த நகரத்தின் மயானம் சாகவில்லை. இன்றும் அங்கே அடக்கம் செய்கிறார்கள். இன்றும் யாத்திரிகர்கள் வருகிறார்கள். நாங்கள் போன அன்றே இரண்டு சிறிய பஸ்களில் ஆட்கள் வந்து இறங்கினார்கள். பாட்டிமார், கைக்குழந்தைகள், புதுமணத் தம்பதி ஒன்று, ரொட்டி கட்டிய துணி மூட்டைகள்.

எலும்புப் பெட்டிகள்

இந்த மயானத்தின் ஆக அடியிலுள்ள படைகளில் இருப்பவர்கள் இஸ்லாமியர் அல்லர். பழைய குவாரசத்தார் சொராஸ்திரிய மரபைச் சேர்ந்தவர்கள். மண், நீர், நெருப்பு மூன்றும் தூயவை, பிணத்தால் அவற்றைத் தீட்டுப்படுத்தக் கூடாது என்பது அந்த மரபு. ஆகவே உடலைத் திறந்த வெளியில் வைத்துவிட்டு, எலும்பு மட்டும் மிஞ்சிய பின் அதைப் பொறுக்கி மண்ணாலோ கல்லாலோ செய்த பெட்டியில் வைத்தார்கள். மிஸ்தாக்கானில் இப்படிப்பட்ட எலும்புப் பெட்டிகள் நிறையக் கிடைத்தன. வாடிம் யாகோடின் என்ற அகழ்வாராய்ச்சியாளர் இங்கே தோண்டி ஆராய்ந்து, சக ஆய்வாளர் ஒருவரோடு சேர்ந்து 1970இல் ஒரு நூலே வெளியிட்டார்.

இது கேட்க அந்நியமாக இருக்கலாம். ஆனால் எலும்பைச் சேகரித்துக் கலத்தில் இடுவது எங்கள் மூதாதையர் அறியாத காரியமல்ல. ஆதிச்சநல்லூரிலும், இலங்கையில் பொம்பரிப்பிலும் கிடைத்த தாழிகளை நினைத்துப் பாருங்கள். இன்றும் காடாற்று அன்று சாம்பலிலிருந்து எலும்பைப் பொறுக்கிக் கலசத்தில் இடுகிறோம். உடலை என்ன செய்வது என்பதில் ஒவ்வொரு சமயமும் ஒவ்வொரு வழி சொல்கிறது. மிச்சத்தைக் கவனமாக எடுத்து வைக்க வேண்டும் என்பதில் எல்லோரும் ஒன்றுபடுகிறார்கள்.

நுக்குஸுக்கு அருகே தோக் கலா என்ற இன்னொரு பழைய இடத்தில் கிடைத்த பெட்டிகளில் சித்திரமும் எழுத்தும் இருக்கின்றன. இறந்தவரைச் சுற்றி நின்று உறவினர் அழுது புலம்பும் காட்சி. எங்கள் ஊர் ஒப்பாரியைப் பார்த்தவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. பக்கத்தில் பழைய குவாரச மொழியில் இறந்தவரின் பெயர், ஆண்டுக் கணக்கு, அவருடைய ஆன்மா சொர்க்கத்தில் இருக்கட்டும் என்ற வாழ்த்து. அவை 7ஆம், 8ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை.

குவாரசத்தின் இன்னொரு பெரிய மகன் அல்-பிரூனி. 973இல் பிறந்தவர். இந்தியாவைப் பற்றி அவர் எழுதிய நூலை உங்களில் சிலர் அறிந்திருப்பீர்கள். அதற்கு முன்பே பல்வேறு மக்களின் நாட்காட்டிகளைப் பற்றி அவர் ஒரு நூல் எழுதினார். அதில் தன் சொந்த மக்களின் பழைய வழக்கம் ஒன்றைப் பதிந்திருக்கிறார். ஆண்டின் கடைசி ஐந்து நாட்களிலும், அதன்பின் கூட்டிச் சேர்க்கப்படும் ஐந்து நாட்களிலும், இறந்தோரின் ஆவிகளுக்காக அடக்க அறைகளில் உணவு வைப்பார்களாம். ஆடி அமாவாசைக்கு அப்பாவுக்கும், சித்திரா பூரணைக்கு அம்மாவுக்கும் விரதமிருந்து படைக்கும் எங்களுக்கு இது புதிதா?

அதே நூலில் அவர் வேதனையோடு இன்னொன்றும் சொல்கிறார். 712இல் அரபுத் தளபதி குதைபா இப்னு முஸ்லிம் குவாரசத்தைக் கைப்பற்றியபோது, அந்நாட்டு எழுத்தை அறிந்தவர்களையும் பழைய வரலாற்றை அறிந்தவர்களையும் இல்லாமற் செய்துவிட்டார் என்றும், அதனால் அம்மக்களின் பழைய கதை மறைந்துபோயிற்று என்றும் எழுதுகிறார். அவர் சற்றே மிகைப்படுத்தியிருக்கலாம் என்பாரும் உண்டு. ஆனால் சம்பவம் நடந்து கிட்டத்தட்ட 300 வருடங்களுக்குப் பிறகும் அந்த இழப்பு ஒரு அறிஞனின் மனதில் ஆறாமல் இருந்திருக்கிறது. 1981 ஜூன் முதலாம் திகதி விடிந்த யாழ்ப்பாணத்தில் சிறுவனாக இருந்தவன் நான். நூலகம் எரிந்த புகையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

புத்தகங்கள் போய்விட்டன. மொழியும் பின்னாளில் வழக்கொழிந்தது. ஆனால் அந்த எலும்புப் பெட்டிகளில் யாரோ ஒரு மகனோ மகளோ எழுதுவித்த பெயரும் திகதியும் தப்பிவிட்டன. பழைய குவாரச மொழியையும் ஆண்டுக் கணக்கையும் பற்றி இன்று அறிஞர் அறிந்திருப்பதில் ஒரு பங்கு அந்தப் பெட்டிகளிலிருந்து வந்ததே.

கதைகள் நிறைந்த மேடு

இனி மேட்டின்மேல் நடப்போம். வெயில் காயும் மஞ்சள் மண். கால் வைக்கும் இடமெல்லாம் கல்லறைகள். இறந்தவரின் முகம் பொறித்த புதிய கருங்கற்கள் ஒருபுறம், கரைந்து மண்மேடாகிவிட்ட பழையவை மறுபுறம். பல கல்லறைகளின்மேல் ஏணி போன்ற மரச்சட்டம் கிடக்கிறது. அது உடலைச் சுமந்து வந்த பாடை. அதைத் திரும்ப வீட்டுக்குக் கொண்டுபோவதில்லை, அங்கேயே விட்டுவிடுவார்கள் என்று மாணவி சொன்னாள்.

முதலில் பார்த்தது மஸ்லும் கான் சுலு என்ற சமாதி மண்டபம். பாதி நிலத்துக்குக் கீழே இருக்கிறது. படியிறங்கி உள்ளே போனதும் குளிர்ச்சி. சுவரில் நீலப்பச்சை மெருகிட்ட ஓடுகள் அங்கங்கே மின்னுகின்றன. மஸ்லும் கான் ஒரு இளவரசியாம். அவளை விரும்பிய ஏழைக் கட்டடக் கலைஞனிடம், வானத்தை எட்டும் கோபுரம் கட்டினால் மகளைத் தருவேன் என்று அரசன் சொன்னானாம். கட்டியபின் வாக்கு மாறினான். இருவரும் உயிரை விட்டார்கள். மனம் வருந்திய அரசன் கோபுரத்தை இடித்து அந்தக் கல்லாலேயே சமாதி கட்டினான் என்பது கதை. உண்மையோ பொய்யோ, அந்த இருண்ட அறையில் இளம் பெண்கள் கண்மூடி நின்று வேண்டிக்கொண்டிருந்தார்கள்.

அடுத்தது ஷமுன் நபியின் சமாதி. ஏழு குவிமாடங்கள் வரிசையாக உள்ள நீண்ட கட்டடம். உள்ளே ஒரே ஒரு கல்லறை, அதன் நீளம் சுமார் 25 மீற்றர்! ஒரு மனிதனுக்கா இது என்று கேட்டால், புனிதரின் பெருமை அத்தனை பெரியது என்கிறார்கள். மத்திய ஆசியாவில் இது தனி ஒன்றல்ல. சமர்க்கண்டில் தானியேல் நபியின் கல்லறையும் இப்படித்தான் 18 மீற்றர் நீளம். எங்கள் பக்கத்திலும் உண்டு. இராமேஸ்வரத்தில் ஆதாமின் பிள்ளைகளான ஆபில், காபில் இருவருடையவை என்று சொல்லப்படும் நீளமான சமாதிகளை யாத்திரை போனவர்கள் பார்த்திருப்பீர்கள். யாத்திரிகர் நீள நடந்து, அடிப்பக்கம் சுற்றி, கையை முகத்தில் ஒற்றிக்கொண்டு வந்தார்கள். எங்களுக்கும் ஒரு பாட்டி ரொட்டி பிய்த்துக் கொடுத்தார். புண்ணிய இடத்தில் கொடுக்கும் உணவை மறுக்கக் கூடாது என்பது அங்கும் வழக்கம்.

சற்றுத் தள்ளி ஜுமார்ட் கஸ்ஸாப் மேடு. கஸ்ஸாப் என்றால் இறைச்சிக் கடைக்காரர். பஞ்ச காலத்தில் ஏழைகளுக்கு இலவசமாக இறைச்சி கொடுத்த ஒருவரின் நினைவு இது. பிள்ளை வரம் வேண்டும் பெண்கள் இந்த மேட்டிலிருந்து உருண்டு இறங்குவார்கள். எங்கள் கோவில்களில் அங்கப் பிரதட்டை செய்பவர்களை நினைத்துக்கொண்டேன். ஜுமார்ட் என்ற பெயர், சொராஸ்திரிய மரபில் முதல் மனிதனாகிய கயோமார்ட்டின் பெயர் மருவியது என்று ஆய்வாளர் சிலர் கருதுகிறார்கள். பழைய காலத்தில் உடல்களைத் திறந்த வெளியில் வைத்த இடமே இந்த மேடாக இருக்கலாம் என்றும் சொல்கிறார்கள். சமயம் மாறியது, பெயரின் பொருள் மறந்தது. ஆனால் அந்த மேட்டுக்கு வரும் கால்கள் நிற்கவில்லை.

உலகக் கடிகாரம்

இந்த மயானத்தில் என்னை அதிக நேரம் நிறுத்தி வைத்தது ஒரு இடிபாடு. கலீபா எரெஜெப் என்பவரின் பெயரால் வழங்கும் பழைய சமாதி. கூரை போய்விட்டது. செங்கற் சுவர்களில் ஒரு பகுதி மட்டும் நிற்கிறது. உள்ளூர் மக்கள் இதை உலகக் கடிகாரம் என்கிறார்கள். வருடத்துக்கு ஒரு செங்கல் தானாக விழுமாம். கடைசிச் செங்கல் விழும் நாளில் உலகம் முடிந்துவிடுமாம். ஆதாம் புதைக்கப்பட்டது இங்கேதான் என்ற நம்பிக்கையும் உண்டு. அதைக் கேட்டதும் நானும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தோம். ஆதாம் வானிலிருந்து வந்து கால் வைத்தது எங்கள் சிவனொளிபாத மலையில் என்பது இஸ்லாமிய மரபில் பழைய நம்பிக்கை. பாவா ஆதம் மலை என்று இலங்கை முஸ்லிம்கள் சொல்வது அதைத்தான். "அவர் கால் வைத்த நாட்டிலிருந்து நாங்கள் வருகிறோம்" என்று மாணவி மூலம் சொன்னபோது சுற்றி நின்றவர்களுக்கு ஒரே சந்தோசம். ஒரு முதியவர் வந்து என் இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கினார்.

இடிபாட்டைச் சுற்றி எங்கு பார்த்தாலும் சிறு சிறு செங்கல் அடுக்குகள். விழுந்து கிடக்கும் துண்டுகளை எடுத்து, ஏழு கற்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வேண்டிக்கொள்வது வழக்கம். "ஒன்று விழுகிறது, நாங்கள் ஏழு அடுக்குகிறோம்" என்று மாணவி சிரித்தாள். அந்தக் கணக்குப்படி உலகம் இப்போதைக்கு இலாபத்தில்தான் ஓடுகிறது.

எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா பேரனோடு அடுக்கிக்கொண்டிருந்தார். யாருக்காக என்று கேட்டோம். அவருடைய சொந்த ஊர் மொய்னாக். ஒரு காலத்தில் ஆரல் கடலின் துறைமுகம், மீன் தகரத் தொழிற்சாலை இருந்த ஊர். 1960 வரை உலகின் நான்காவது பெரிய ஏரியாக இருந்த ஆரல், பருத்திச் செய்கைக்காக ஆற்று நீரைத் திருப்பியதால் வற்றத் தொடங்கியது. இன்று மொய்னாக்கிலிருந்து தண்ணீர் நூறு கிலோமீற்றருக்கு அப்பால். கப்பல்கள் மணலில் நிற்கின்றன. வேலை போய், குடும்பம் கோஜெய்லிக்கு வந்துவிட்டது. கணவர் இந்த மேட்டில் இருக்கிறார். ஆனால் தாய் தகப்பன் மொய்னாக்கில். "அங்கே போக எனக்கு இப்போது இயலாது. அவர்களுக்கும் இங்கேயே அடுக்குகிறேன். அவர்களுக்குத் தெரியும்" என்றார். பேரனின் கையில் ஒரு துண்டைக் கொடுத்து, "இது உன் பூட்டனுக்கு" என்று வைக்கச் சொன்னார்.

வந்தவர்கள் காத்த மயானம்

இவ்வளவு பயபக்தியோடு வரும் இந்த மக்கள் மிஸ்தாக்கானைக் கட்டியவர்களின் வழித்தோன்றல்கள் என்றுதான் பார்ப்பவருக்குத் தோன்றும். வரலாறு அப்படிச் சொல்லவில்லை. கரகல்பாக் என்றால் 'கருந்தொப்பிக்காரர்'. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர்கள் கிழக்கே சிர் தரியா ஆற்றோரம் வாழ்ந்தவர்கள். 1723இல் சுங்கார் படைகள் தாக்கின. சிதறினார்கள். பின்னர் அயலாரின் நெருக்குதலால் இன்னும் தெற்கே நகர்ந்தார்கள். 1811இல் கீவா நாட்டு அரசன் முகமது ரகீம் கான் அவர்களை அடக்கி, ஆமு தரியாக் கழிமுகத்தில் குடியேற்றினான். ஆகவே அவர்களில் பெரும்பாலோர் இந்த இடத்துக்கு வந்து இருநூறு வருடத்துக்குச் சற்று மேல்தான் ஆகிறது. இடம்பெயர்க்கப்பட்டவர்களின் பிள்ளைகள் அவர்கள்.

அவர்கள் வந்தபோது மிஸ்தாக்கான் நகரம் அழிந்து 400 வருடங்கள் ஆகியிருந்தன. இந்த மேட்டில் கிடந்தவர்கள் அவர்களுடைய தாத்தாமார் அல்லர். இருந்தும் அதை உழுது வயலாக்கவில்லை. அந்நியரின் மயானம் என்று ஒதுக்கவும் இல்லை. தங்கள் இறந்தவர்களை அந்தப் பழைய இறந்தவர்களின் பக்கத்தில் கிடத்தினார்கள். அங்கிருந்த புனிதர்களையும் கதைகளையும் தங்களுடையவையாக ஏற்றுக்கொண்டார்கள். ஒரு புதிய இடம் அவர்களுடைய ஊரானதில் இந்த மேட்டுக்கும் பங்குண்டு.

சோவியத் காலத்தில் இதற்குச் சோதனை வந்தது. 1958 நவம்பரில் கம்யூனிஸ்ட் கட்சியின் மத்திய குழு, 'புனித இடங்கள்' எனப்படுபவற்றுக்கு யாத்திரை போவதை நிறுத்த நடவடிக்கை எடுக்கும்படி தீர்மானம் நிறைவேற்றியது. அதே காலத்தில், 1937இல் சேர்கே டொல்ஸ்டொவ் தொடங்கிய குவாரச அகழ்வாராய்ச்சிப் பயணம் இதே பிரதேசத்தில் தோண்டிக்கொண்டிருந்தது. அரசு ஒரு கையால் பழைய எலும்புகளைத் தூசு தட்டி நூதனசாலையில் வைத்தது, மறு கையால் அந்த எலும்புகளிடம் வந்தவர்களைத் தடுக்கப் பார்த்தது. "என் பாட்டி விடியுமுன்னம் வந்து போவாராம்" என்றார் எங்கள் ஓட்டுநர். 1991இல் சோவியத் ஒன்றியம் இல்லாமற் போயிற்று. மேடும் பாட்டிமாரும் இருக்கிறார்கள்.

எங்கள் கணக்கு

நேயர்களே, இதை எல்லாம் நான் ஏன் உங்களுக்குச் சொல்ல வேண்டும்?

எங்கள் பக்கம் பாருங்கள். வலிகாமம் வடக்கு அதியுயர் பாதுகாப்பு வலயமானபோது, எங்கள் பலருடைய பரம்பரைச் சுடலைகளும் சேமக்காலைகளும் முட்கம்பிக்குள் போயின. இருபது வருடத்துக்கு மேல் அங்கே யாரும் விளக்கேற்ற முடியவில்லை. போர் முடிந்தபின் துயிலும் இல்லங்கள் இயந்திரம் போட்டு இடிக்கப்பட்டன. அரசியலில் யார் எந்தப் பக்கம் நின்றாலும், அங்கே கிடந்தவை ஒரு தாயின் பிள்ளைகள் என்பதை யாரும் மறுக்க மாட்டார்கள். 2016 நவம்பரில் கிளிநொச்சி கனகபுரத்தில் தாய்மாரும் ஊராரும் பற்றையை வெட்டி, உடைந்த நடுகற்களின் துண்டுகளைப் பொறுக்கிக் குவித்து, அதன் முன்னே விளக்கேற்றினார்கள். எது யாருடைய துண்டு என்று யாருக்கும் தெரியாது. குவித்தார்கள், கும்பிட்டார்கள். மிஸ்தாக்கானில் அந்த அம்மா செங்கல் அடுக்கியதைப் பார்த்தபோது என் கண் முன்னே வந்தது அந்தக் குவியல்தான்.

புலம்பெயர்ந்த நாடுகளில் எங்கள் கணக்கு வேறு. நான் வாழும் சிட்னியில் ரூக்வூட் என்ற பெரிய மயானம் 1867 முதல் இருக்கிறது. பத்து இலட்சத்துக்கு மேற்பட்டவர்கள் அங்கே இருக்கிறார்கள். எங்கள் ஆட்களும் இருக்கிறார்கள். ஆனால் பல நாடுகளில் கல்லறை நிரந்தரமல்ல. ஜேர்மனியில் பொதுவாக 20, 25, 30 வருடங்கள் என்று தவணை. தென் அவுஸ்திரேலியாவிலும் குத்தகை முறைதான். தவணை முடியும்போது புதுப்பிக்க யாரும் வராவிட்டால் இடம் வேறொருவருக்குப் போகும். ஒரு கணக்காளனாக அதில் எனக்குக் குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் அந்தக் கடிதம் வரும் நாளில் அதைத் திறக்கப் போவது எங்கள் பிள்ளைகள். கடிதத்தில் இருக்கும் பெயர் யாருடையது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டுமே!

தகனம் செய்து கடலில் கரைப்பவர்களுக்கு அந்தக் கடிதமும் வராது. என் அம்மாவின் சாம்பலில் ஒரு பங்கைக் கீரிமலைக்குக் கொண்டுபோனோம், மறு பங்கை இங்கே கடலில் விட்டோம். சில மாதம் கழித்து மகள் கேட்டாள்: "அப்பா, அப்பம்மாவுக்கு நான் எங்கே பூ வைக்கிறது?" சாத்திரப்படி எல்லாம் சரியாகச் செய்திருந்தோம். அந்தக் கேள்விக்குச் சாத்திரத்தில் பதில் தேட எனக்குத் தோன்றவில்லை. இப்போது ஒவ்வொரு வருடமும் திதியன்று, வீட்டில் படைத்த பின், குடும்பமாக அந்தக் கடற்கரைக்கே போகிறோம். மகள் பூவைத் தண்ணீரில் விடுகிறாள். பேரப்பிள்ளைகள் வந்தால் அவர்களும் அந்த இடத்தைத் தெரிந்துகொள்வார்கள்.

மிஸ்தாக்கானைக் காத்தது அரசனல்ல, உறுதியான செங்கல்லும் அல்ல. செங்கல் விழுந்துகொண்டுதான் இருக்கிறது. மொழி மாறி, சமயம் மாறி, குடிகளே மாறியபிறகும் யாரோ தொடர்ந்து வந்துகொண்டிருந்தார்கள். வருகிறபோது ஒரு பிள்ளையையும் கையில் பிடித்துக்கொண்டு வந்தார்கள். அந்தப் பிள்ளை பின்னாளில் தன் பிள்ளையைக் கூட்டிவந்தது. இரத்த உறவு இல்லாதவர்களாலேயே இதைச் செய்ய முடிந்ததென்றால், சொந்தப் பிள்ளைகளாகிய எங்களால் முடியாதா?

பெரிதாக ஒன்றும் செய்யச் சொல்லவில்லை. ஒரு கொப்பியை எடுங்கள். உங்கள் அப்பு, ஆச்சி, அம்மா, அப்பா, இடையில் போய்விட்ட சகோதரங்கள், எல்லோருடைய பெயரையும் முழுமையாக எழுதுங்கள். எந்த ஊர், எந்தத் திகதி, எந்தச் சுடலை அல்லது சேமக்காலை, சாம்பல் எங்கே கரைக்கப்பட்டது என்பதையும் எழுதுங்கள். எங்கே என்று தெரியாதவர்கள் எங்களில் பலர் வீட்டில் இருக்கிறார்கள். அவர்களுடைய பெயரையும், கடைசியாகப் பார்த்த இடத்தையும் எழுதுங்கள். தமிழிலும், பிள்ளைகள் வாசிக்கும் மொழியிலும் எழுதுங்கள். தோக் கலாவின் எலும்புப் பெட்டியில் இருந்ததும் ஒரு பெயரும் ஒரு திகதியும் ஒரு வாழ்த்தும்தான். 1,200 வருடங்கள் கழித்தும் அதை ஒருவர் வாசிக்கிறார்.

பிறகு ஒரு விடுமுறை நாளில் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு, உங்களுக்குக் கிட்டிய இடம் எதுவோ அங்கே போய் வாருங்கள். கல்லறையோ, சாம்பல் மாடமோ, கடற்கரையோ எதுவானாலும் சரி. போக முடியாத இடத்தில் இருப்பவர்களையும் அங்கேயே நினைத்துக்கொள்ளுங்கள். அந்த மொய்னாக் அம்மா சொன்னதுபோல, அவர்களுக்குத் தெரியும்.